ஐந்து ரூபாய் ஏரி

இந்திய அஞ்சல் துறை 2006 நவம்பர் 6ஆம் தேதி இமயமலை ஏரிகள் என்ற தலைப்பில் ஒரு தபால்தலை வரிசையை வெளியிட்டது. சிக்கிமில் இருக்கும் சாங்கு ஏரி அவற்றுள் ஒன்று. விலை ஐந்து ரூபாய். அப்போது சாதாரணக் கடித உறைக்கு ஒட்ட வேண்டிய தொகையும் அதுதான் என்பதால், ஒரு கடிதத்துக்கு ஓர் ஏரி என்று கணக்கு சரியாக வந்தது. என்னிடம் இருப்பது கவுண்டரில் வாங்கி அப்படியே ஆல்பத்தில் செருகிய தலை அல்ல. ரயிலேறி, பைகளுக்குள் புரண்டு, முத்திரையடி வாங்கி, ஒரு மூலையில் பல் உடைந்து வந்து சேர்ந்தது. சேகரிப்பாளர்கள் இதற்கு மதிப்பில்லை என்பார்கள். வேலை செய்த தலை என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை உண்டு.

அனுப்பியவர் தென்மாவட்டத்தில் சிற்றிதழ் நடத்திக்கொண்டிருந்த நண்பர். ஆண்டுக்கு நான்கு இதழ் என்று அட்டையில் அச்சிட்டுவிட்டு ஒன்றரை இதழ் கொண்டுவருகிறவர். இதழ் தவறினாலும் அவருடைய கடிதம் தவறாது. யாருக்கு எந்தத் தலை என்று தேர்ந்தெடுத்து ஒட்டுவது அவர் வழக்கம். கவிஞர்களுக்குப் பறவைகள், கட்டுரையாளர்களுக்குத் தேசத் தலைவர்கள், சந்தா பாக்கி வைத்திருப்பவர்களுக்குக் காந்தி. 2007 பொங்கல் கழிந்த வாரத்தில் வந்த கடிதத்தில் எனக்கு ஏரி. கட்டுரை எப்போது வரும் என்று ஒரு பக்கம் அதட்டிவிட்டு, கடைசி வரியில் 'திருப்பூர்க்காரருக்குக் கொஞ்சம் நல்ல தண்ணீர் அனுப்பியிருக்கிறேன், உறையின் மேல் பார்க்கவும்' என்று எழுதியிருந்தார்.

அவர் எழுதும் முகவரியில் ராயபுரம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் திருப்பூர் என்பது எப்போதும் சற்றுப் பெரிய எழுத்தில் இருக்கும். காரணம் உண்டு. ராயபுரம் என்றவுடன் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சென்னையின் ராயபுரம். கடலும் மீன்பிடித் துறைமுகமும் 1856இல் திறந்த ரயில் நிலையமும் உள்ள இடம். எங்கள் ராயபுரத்தில் கடல் இல்லை. பனியன் கம்பெனிகள், லேபிள் கடைகள், கட்டிங் கழிவை மூட்டை கட்டி வைத்த திண்ணைகள், வாசலில் உட்கார்ந்து பிசிர் நறுக்கும் பெண்கள். நொய்யல், நடந்து போகிற தூரத்தில். பின்கோடு தவறிய கடிதங்கள் கடலைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் கழித்துத்தான் எங்களிடம் வரும்.

தபால்தலையில் ஏரியை அச்சிடும் வழக்கம் பழையது. ராணியின் தலையும் அரசனின் தலையும் மட்டுமே இருந்த காலத்துக்குப் பிறகு, நாடுகள் தங்கள் நிலக்காட்சிகளை ஒட்டி அனுப்பத் தொடங்கின. நியூசிலாந்து 1898இல் வெளியிட்ட படத்தலைகளில் வகட்டிப்பு என்ற மலை ஏரி இருந்தது. அச்சிட்டது லண்டனில் ஓர் அச்சகம். ஏரியின் பெயரில் ஓர் எழுத்தைப் பிழையாகச் செதுக்கி, வகிட்டிப்பு என்று அடித்து அனுப்பிவிட்டார்கள். பிறகு திருத்தி மீண்டும் அச்சிட்டார்கள். இந்தச் செய்தியை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, நெருக்கமாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் பிரிண்டிங் பட்டறைகளில் டீ சர்ட்டின் மார்பில் ஆல்ப்ஸ் மலையையும் அதன் கீழ் ஏதோ ஓர் ஏரியையும் ஆயிரக்கணக்கில் அடிக்கிறார்கள். அடிக்கிறவர் அந்த ஏரியைப் பார்த்ததில்லை, பெயரை உச்சரிக்கவும் தெரியாது. ஓர் எழுத்து மாறினால் லாட் முழுவதும் திரும்பி வரும். பார்க்காத நீரைத் துல்லியமாகப் பிரதியெடுத்துக் கொடுப்பது எங்களுக்கு ஒரு தொழில்.

சாங்கு ஏரியை நானும் பார்த்ததில்லை. படித்துத் தெரிந்துகொண்டதுதான். கேங்டாக்கிலிருந்து நாதுலா கணவாய்க்குப் போகும் பாதையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரத்தில், 3,753 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனி உருகி நிறையும் ஏரி, குளிர்காலத்தில் உறைந்துவிடும். கரையில் அலங்கரித்த யாக் எருமைகளோடு படம் எடுத்துக்கொள்ளச் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்பார்களாம். 1962 போரில் மூடப்பட்ட நாதுலா வணிகப் பாதை 44 ஆண்டுகளுக்குப் பிறகு 2006 ஜூலை 6ஆம் தேதி திறக்கப்பட்டது. நான்கு மாதம் கழித்துத் தபால்தலை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதைவிட, சரக்கு போகிற வழியில் இருக்கும் ஏரி இது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

சிக்கிமின் பூட்டியா மொழியில் இதன் பெயர் ட்சோம்கோ. ஏரியின் தலை அல்லது மூலம் என்று பொருள் சொல்கிறார்கள். தண்ணீருக்குத் தலை உண்டு என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. தலைமடை, கடைமடை என்றுதானே சொல்கிறோம். தலைமடையில் இருப்பவனுக்குத் தண்ணீர் உரிமை, கடைமடையில் இருப்பவனுக்கு அது செய்தி.

இன்னொரு தகவல்தான் இந்தத் தலையை நான் ஆல்பத்துக்குள் மூடி வைக்காமல் பல நாள் மேசைமேலேயே வைத்திருக்கக் காரணம். அந்த ஏரி அங்குள்ளவர்களுக்குப் புனிதமானது. முற்காலத்தில் பௌத்தத் துறவிகள் ஏரி நீரின் நிறத்தைப் பார்த்து வரப்போகும் ஆண்டைக் கணித்துச் சொல்வார்களாம். நீர் கருமை தட்டித் தெரிந்தால் அந்த ஆண்டு கலக்கமும் துயரமும் என்று அர்த்தம்.

நீரின் நிறத்தைப் பார்த்துக் குறி சொல்லும் வழக்கம் எங்கள் ஊரிலும் இருந்தது. வளர்மதி பாலத்தின்மேல் நின்று நொய்யலைப் பார்த்தால் அடுத்த கோடைக்கு ஐரோப்பாவில் என்ன நிறம் உடுத்தப்போகிறார்கள் என்று சொல்லிவிடலாம் என்பார்கள். பாதி நகைச்சுவை, பாதி உண்மை. ஊதா ஓடினால் ஏதோ ஒரு பெரிய பையரின் ஊதா ஆர்டர் ஓடுகிறது என்று பொருள். சிவப்பு ஓடினால் கிறிஸ்துமஸ் சரக்கு. கறுப்பு எல்லாக் காலத்திலும் ஓடும். சிறுவர்களாக நாங்கள் இதைப் பந்தயமாகவே விளையாடியிருக்கிறோம். ஆறு என்றால் நிறம் மாறுவது என்று நம்பி வளர்ந்த தலைமுறை எங்களுடையது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையைக் கடந்து, திருப்பூர் வழியாகக் கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேரும் ஆறு அது. திருப்பூரின் பழைய பெருமை வெள்ளை பனியன். இங்குள்ள தண்ணீரில் சலவை செய்தால் வெள்ளை தூக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1970களின் இறுதியில் இத்தாலிக்காரர்கள் வந்து வெள்ளை டீ சர்ட் கேட்டார்கள். 1980களில் ஐரோப்பா நிறம் கேட்டது. சலவைப்பட்டறைகளுக்குப் பக்கத்தில் சாயப்பட்டறைகள் முளைத்தன. என் தாய்மாமன் அப்படி ஒரு பட்டறையில் ஹெல்ப்பராகச் சேர்ந்து, வின்ச் ஓட்டி, கடைசியில் சாய மாஸ்டர் ஆனவர்.

நிறத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு ஓவியர்களுக்குத் தெரியுமா என்பது சந்தேகம். பையர் அனுப்பும் கைக்குட்டை அளவுத் துணித் துண்டை வெயிலில் ஒரு முறை, டியூப் லைட்டில் ஒரு முறை பார்த்துவிட்டு, எந்தச் சாயம் எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர் மேசைமேல் இருந்த தபால்தலையைப் பார்த்தார். "என்ன கண்ணு இது, லேப் டிப்பா?" என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து பிக் கிளாஸை எடுத்தார். துணியின் பின்னல் கண்ணிகளை எண்ணுவதற்காக அவர் எப்போதும் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடி. அதை ஏரியின்மேல் கவிழ்த்துக் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாம் புள்ளிதான். இங்க பாரு."

பார்த்தேன். ஏரி இல்லை, மலை இல்லை. புள்ளிகள் மட்டும்.

"இந்த நீலம் இருக்கு பாரு, இது நம்ம டர்க்காய்ஸ் ஜாதி" என்றார். அவர் அனுபவத்தால் சொன்னதை நான் பிறகு புத்தகத்தில் சரிபார்த்துக்கொண்டேன். நான்கு நிற அச்சில் பயன்படும் சயான் என்ற நீலம் பொதுவாகத் தாமிர தாலோசயனின் என்ற பொருளால் ஆனது. 1935இல் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் மோனஸ்ட்ரல் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே மூலக்கூறைத் தண்ணீரில் கரையும்படி மாற்றினால் பருத்தித் துணிக்கான ரியாக்டிவ் டர்க்காய்ஸ் கிடைக்கிறது. உலகத்தின் காலண்டர்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் மலை ஏரிகளை நீலமாக்குகிற பொருளும், எங்கள் ஆற்றை நீலமாக்கிய பொருளும் ஒரு குடும்பம்.

டர்க்காய்ஸ் பற்றி மாமாவுக்கு ஒரு மனக்குறையும் உண்டு. மற்றச் சாயங்கள் 60 டிகிரியில் துணியைப் பிடித்துக்கொள்ளும். இது 80 கேட்கும். "எம்பதுல ஓட்டோணும். அப்பவும் முழுசாப் புடிக்காது. புடிக்காதது பூரா சாக்கடைக்குத்தான்." மூலக்கூறு பெரிது, நூலுக்குள் எளிதில் நுழையாது. அலசி அலசித் தண்ணீர் தெளியும் வரை ஓட்ட வேண்டும். பார்வைக்கு மிகத் தூய்மையானதாகத் தோன்றும் நிறம்தான் பட்டறையில் மிக அதிகம் கழிவாகப் போகும் நிறங்களில் ஒன்று.

ஆனால் ஆற்றைக் கொன்றது நிறம் அல்ல. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

1956இல் சந்தைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பால் இணைபவை. அதனால்தான் துவைத்தாலும் போவதில்லை. ஆனால் நீரில் கரைந்திருக்கும் சாயத்தை இழையை நோக்கித் தள்ள உப்பு வேண்டும். சாதா உப்பு அல்லது கிளாபர் உப்பு. அடர்ந்த நிறம் என்றால் லிட்டருக்கு 80 கிராம் வரை போடுவார்கள். கடல் நீரில் இருப்பது லிட்டருக்கு சுமார் 35 கிராம்தான். சாயத்தின் பெரும்பகுதி துணியில் ஏறிக்கொள்கிறது. உப்பு எதிலும் ஏறுவதில்லை. தள்ளுகிற வேலையை முடித்துவிட்டு, போட்ட அளவு அப்படியே வெளியே போகிறது. பட்டறை வாசலில் மூட்டை மூட்டையாக உப்பு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அது எங்கே போகிறது என்று சிறுவயதில் கேட்கத் தோன்றியதில்லை.

அது போன இடம் ஒரத்துப்பாளையம். திருப்பூருக்குக் கிழக்கே நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடிக்கப்பட்ட அணை. ஈரோடு, கரூர்ப் பகுதி நிலங்களின் பாசனத்துக்காகக் கட்டியது. சில ஆண்டுகளிலேயே அது எங்கள் கழிவுநீரைத் தேக்கிவைக்கும் தொட்டியாக மாறியது. அணையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பதுதான் விவசாயிகளின் இயல்பு. திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்ட அணை அது. தேங்கிய நீர் பக்கத்துக் கிணறுகளுக்குள் இறங்கியது.

என் பெரியம்மா, அதாவது மாமாவின் மூத்த அக்கா, வாழ்க்கைப்பட்ட தோட்டம் அந்த அணைக்குக் கீழே இருந்தது. முதலில் மஞ்சள் போடுவதை நிறுத்தினார்கள். பிறகு நெல். தென்னை காய்த்தது, காய் சிறுத்தது. எருமைகள் தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டன. இதையெல்லாம் பெரியம்மா குற்றச்சாட்டாகச் சொன்னதில்லை, யாரோ தூரத்து உறவினரின் உடல்நிலையைச் சொல்வது போலச் சொல்வார். தம்பி சாயப்பட்டறையில் மாஸ்டர் என்பது அந்தத் தோட்டத்துக்கு ஒரு காலத்தில் பெருமையாக இருந்தது. அவர் மகளின் கல்யாணத்துக்கு மாமாதான் முன்னின்று பணம் புரட்டினார். அந்தப் பணம் எந்தத் தண்ணீரில் இருந்து வந்தது என்று இருவருக்கும் தெரியும்.

நீதிமன்றங்கள் நெருக்கியதால் 1990களின் பிற்பகுதியிலேயே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன. சுண்ணாம்பும் இரும்பு உப்புகளும் போட்டுச் சாயத்தைத் திரளவைத்து அடியில் தங்கச் செய்து, மேலே தெளிந்த நீரை ஆற்றில் விடும் முறை. நிறம் கணிசமாகக் குறைந்தது. பாலத்தின்மேல் நின்று பார்த்த சிலர் ஆறு பிழைத்துவிட்டது என்றுகூடச் சொன்னார்கள். கரைந்த உப்பு இந்த முறையில் திரளாது, படியாது. நிறம் நீங்கிய நீரில் அது முழுவதும் இருந்தது. ஆற்றில் விடும் கழிவுநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. அந்த எண்ணைக் கண்ணால் பார்க்க முடியாது. பார்க்கச் சுத்தமான, குடிக்கவோ விதைக்கவோ முடியாத நீர் அது.

அந்த நாட்களில் ஒரு நாள் பெரியம்மா வீட்டுக்கு மாமாவும் நானும் போயிருந்தோம். திண்ணையில் உட்கார்ந்தவுடன் பெரியம்மா வழக்கம்போல இரண்டு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மாமா எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அவருடைய பழக்கம், எதையும் வெளிச்சத்தில் பார்ப்பது.

"நல்லாத்தானேக்கா தெளிஞ்சிருக்குது."

"பாக்க நல்லாத்தான் இருக்கும். குடிச்சுப் பாரு தம்பி."

ஒரு வாய் குடித்தார். துப்பவில்லை. விழுங்கிவிட்டு, மீதியையும் குடித்தார். பிறகு தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேறு எதையோ பேசத் தொடங்கினார். பெரியம்மா உள்ளே போய்க் குடத்திலிருந்து நல்ல தண்ணீர் மொண்டுவந்தார். அதை வண்டியில் விலைக்கு வாங்குகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். மாமா அதைத் தொடவில்லை.

நண்பரின் தபால்தலை எங்கள் வீட்டுக்கு வந்த சமயத்தில் வழக்கு முற்றியிருந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பர் 22 அன்று, சாங்கு ஏரித் தலை வெளியாகி ஏழு வாரத்துக்குள், சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாயப்பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை எட்ட வேண்டும், அதுவரை லிட்டருக்கு 6 காசில் தொடங்கி உயரும் அபராதம் கட்ட வேண்டும் என்றது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்படியும் நடக்கவில்லை என்று 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊர் அமைதியானது. மின்சாரம் நின்றால் வரும் அமைதி இல்லை, அது வேறு. மாமா பல மாதங்கள் வீட்டில் இருந்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தத் தீர்ப்பு சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. விசேஷ வீடுகளில் அக்காவும் தம்பியும் அருகருகே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இதற்கு நடுவில் நான் அந்த வரிசையின் மற்றத் தலைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அதே வரிசையில் ரூப்குண்ட் இருக்கிறது. உத்தராகண்டில் 5,000 மீட்டர் உயரத்தில் உள்ள சின்ன ஏரி. 1942இல் ஒரு வனக்காவலர் அதைச் சுற்றி மனித எலும்புகள் நூற்றுக்கணக்கில் கிடப்பதைக் கண்டார். 2019இல் வெளியான மரபணு ஆய்வில் 38 பேரின் எலும்புகளைச் சோதித்தார்கள். 23 பேர் தெற்காசியர்கள், கி.பி. 800ஐ ஒட்டிய காலத்தவர்கள். 14 பேர் கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதியினர், அவர்கள் இறந்தது சுமார் 1800இல். அவ்வளவு தூரத்திலிருந்து ஏன் அங்கே வந்தார்கள் என்பது இன்னும் புதிர். அருணாசலப் பிரதேசத்தின் சேலா ஏரியும் அதே வரிசைதான். 1962 நவம்பரில் இந்தியப் படை கைவிட்டுப் பின்வாங்கிய கணவாய் அது. சிக்கிமிலேயே, தபால்தலை காணாத தெற்கு லோனாக் என்ற பனி ஏரி 2023 அக்டோபர் 4 அன்று உடைந்து இறங்கி சுங்தாங் அணையை அடித்துக்கொண்டு போனது. தலையில் படம் போடுகிறவர்களை இதற்காகக் குறைசொல்ல முடியாது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய காகிதத்தில் எலும்பையும் போரையும் உப்பையும் எங்கே வைப்பது? ஆனாலும் நான் கவனித்தேன்: அழகான நீர் என்று யாராவது படம் காட்டினால், இப்போதெல்லாம் முதலில் அதன் அடியில் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உள்ள வியாதியாக இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாங்கு ஏரியின் பரப்பு 24 ஹெக்டேர் சொச்சம்தான். திருப்பூருக்கு வெளியே ஊத்துக்குளிச் சாலைப் பக்கம் இருக்கும் நஞ்சராயன் குளம் ஏறத்தாழ 126 ஹெக்டேர், ஐந்து மடங்கு பெரியது. நல்லாற்றின் நீரும் ஊரின் சாக்கடையும் கலந்து வரும் குளம். அழகு என்று சொல்ல மாட்டேன், ஓரங்களில் பிளாஸ்டிக் ஒதுங்கிக் கிடக்கும். ஆனால் பறவைகள் வந்தன. பறவை பார்க்கிற ஒரு சிலர் ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்த கணக்கினால் அது 2022இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலமாகவும் ஆனது. அந்த வரிசையின் சந்திர தால் ஏரி 2005 முதல் இருப்பது இதே பட்டியலில்தான்.

பட்டறைகள் மெல்ல மீண்டும் திறந்தன. சவ்வூடு பரவல், ஆவியாக்கும் கொதிகலன்கள், உப்பைப் படிகமாக்கிப் பிரித்தெடுக்கும் தொட்டிகள். உப்பை மூட்டைகட்டித் திரும்பவும் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். செலவு பிடிக்கும் ஏற்பாடு. நேர்மையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், மழை வந்தால் திறந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. மாமா சாயத்துக்குத் திரும்பவில்லை. ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இரவு ஷிப்டில் சேர்ந்து, மணிக்கு ஒருமுறை டிடிஎஸ் எழுதும் வேலை பார்த்தார். பிக் கிளாஸ் இருந்த சட்டைப்பையில் பேனா போன்ற ஒரு டிடிஎஸ் மீட்டர் வந்து உட்கார்ந்தது. ஓய்வுபெற்ற பிறகும் அதை விடவில்லை. கல்யாண மண்டபம், ஓட்டல், உறவினர் வீடு, எங்கே தண்ணீர் வைத்தாலும் முதலில் மீட்டரை முக்குவார். சிலருக்கு அது அவமரியாதையாகப் பட்டதுண்டு. பெரியம்மா தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் கிணற்றில் வாளியை இறக்கி, முக்கி, எண்ணைப் பார்ப்பார். அதை அக்காவிடம் சொல்வதில்லை. ஒரு சின்ன நோட்டில் தேதிபோட்டு எழுதிக்கொள்வார். நோட்டை நான் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் எண் கொஞ்சம் இறங்கியிருந்தது.

போன கார்த்திகையில் ஆல்பத்தைத் தூசு தட்டிக்கொண்டிருந்தபோது வந்தார். கண்ணில் புரை வந்து ஒரு கண்ணுக்கு அறுவைசிகிச்சை முடிந்திருந்தது. நிறமெல்லாம் புதிதாகத் தெரிகிறது என்று நாலைந்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், சாங்கு ஏரியைத் தேடி எடுத்து, ஜன்னலோரம் கொண்டுபோய், அந்தக் கண்ணால் ஒரு முறை, மற்றக் கண்ணால் ஒரு முறை பார்த்தார். டர்க்காய்ஸ் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"ஏங்கண்ணு, இதோட டிடிஎஸ் எவ்வளவு இருக்கும்?"

பனி உருகின தண்ணீர், மழைத்தண்ணீர் மாதிரிதான் இருக்க வேண்டும் மாமா, மிகவும் குறைவாகத்தான் இருக்கும் என்றேன்.

"அப்ப சாயத்துக்கு நல்லா வரும்" என்றார். சொல்லிவிட்டுத் தலையை அதன் பைக்குள் தானே செருகி வைத்தார்.